மீசையும் மொட்டையும்

ஜூன் 6

அன்புள்ள அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது ஓர் எறும்பு. அதைச் சொல்லிவிட்டு நலம் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு நீலப் பூவின் வாய் வரைக்கும் ஏறிப் போனது. உள்ளே எட்டிப் பார்த்தது. வந்த வழியே இறங்கிவிட்டது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பூ. அதே நீலம், அதே ஐந்து இதழ், சட்டைப் பொத்தான் அளவுதான் அதுவும். அதில் ஏறியது, தயங்காமல் உள்ளே போய்விட்டது. ஏன் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈரப் புல்லில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். முதல் பூவின் தொண்டையில் மெல்லிய வெள்ளை முடிகள் வேலி மாதிரி குறுக்கே நின்றன. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை.

நான் நலம். மூக்குத் தோல் மட்டும் வெயிலில் உரிகிறது. நீ எப்படி இருக்கிறாய், வாந்தி நின்றதா? அம்மாவின் முழங்கால்? மாமா லாரியில் என்னை இங்கே இறக்கிவிட்டுப் போன அன்று அழுதேன் என்று சொல்லியிருப்பார். அது தூசி.

இந்த நாற்றுப் பண்ணையின் வேலை என்ன என்று கேட்டிருந்தாய். சாலை போடுவதற்காகச் சரித்த மலைச்சரிவுகளில், அங்கே முன்பு எது முளைத்ததோ அதையே மறுபடி முளைக்க வைப்பது. பண்ணையை நடத்தும் மேடம் அந்தப் பூக்களுக்கு நீளமான பெயர்கள் சொல்கிறார். இங்கே வேலை செய்கிறவர்கள் முடி உள்ளதை மீசை என்கிறார்கள், இல்லாததை மொட்டை. மீசை எங்கும் இருக்கிறது. மொட்டை உச்சியில் நீர் கசியும் ஒரு பாறைத் திட்டில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். மீசை அங்கே போய்விட்டால் மொட்டையை நெருக்கித் தின்றுவிடுமாம்.

பூ உதிர்ந்து காய் வந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பூத்திருக்கும்போதே நூல் கட்டிவிடுகிறோம். மீசைக்குச் சிவப்பு, மொட்டைக்கு வெள்ளை. முதல் வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒரு அக்காவை எல்லோரும் ஊசி என்று கூப்பிடுகிறார்கள், வாய் அப்படி. "ரெண்டு கண்ணையும் மூஞ்சிக்கு அழகா இருக்கட்டும்னு வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். இப்போது எறும்பு எனக்கு வழி காட்டிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பூனை

⁂

ஜூன் 21

என் பூனைக்கு,

வாந்தி நின்றுவிட்டது, பசிதான் நிற்கவில்லை. வயிறு வெளியே தெரிகிறது. பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், எனக்கு ராஜ மரியாதை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். குப்புறப் படுத்த இடத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். அப்படியும் அம்மா விடவில்லை. "பத்தாவதோட நிப்பாட்டிட்டு வீட்ல இருந்தா ஒரு கைவேலையாவது கத்துக்கிட்டு இருப்பா. மலையில போய் பூவுக்கு நூல் கட்டுறாளாம். கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றாள். மாமா இடையில் புகுந்து, "அத்தை, எனக்கு மீசையும் இருக்கு மொட்டையும் இருக்கு. நான் எந்த ஜாதிப் பூன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒரு சீசன் என்று சொல்லித்தான் உன்னை அனுப்பினோம், நினைவிருக்கிறது அல்லவா? நவம்பரில் எனக்குப் பிரசவம். அதற்கு முன்னால் நீ வந்துவிடுவாய் என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். வந்தபின் உன்னை எங்கும் அனுப்புவதாக இல்லை. நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மூக்குக்கு எண்ணெய் தடவு.

அக்கா

⁂

ஜூலை 18

அன்புள்ள அக்கா,

நலம், நலம், நலம். உனக்கும் உள்ளே இருப்பவருக்கும் சேர்த்து நலம் கேட்கிறேன். இன்று ஓட்டமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் ஒரு சரிவைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வாரம் விடாமல் மழை. வெறித்ததும் எல்லோரும் துணி காயப்போட ஓடினார்கள். நான் பழைய பாதை வழியாக மேற்குப் பக்கம் போனேன். சரிவு முழுக்க நீலம். எறும்புகள் ஒவ்வொரு பூவுக்குள்ளும் சர்வ சாதாரணமாகப் போய் வந்துகொண்டிருந்தன. படுத்துப் பார்த்தேன். ஒன்றிலும் முடி இல்லை. அத்தனையும் மொட்டை!

மேடத்துக்குக் கணுக்கால் பிசகி, கட்டுப் போட்டிருக்கிறார், மேலே ஏற முடியாது. கை நிறையப் பறித்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் பூவை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு, "எங்கடி புடிச்ச இதை?" என்றார். விரலால் ஜன்னலைக் காட்டினேன். "ஜன்னல்லயா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் ஓடிப்போகவில்லை, அக்கா. "மேற்குச் சரிவுல" என்றேன்.

மேடம் சொன்னார்: அந்தச் சரிவின் விதையைச் சேர்த்து, மெலிந்துபோன பாறைத் திட்டில் தூவினால் மொட்டை பிழைத்துக்கொள்ளும். அதற்காக இவ்வளவு நாள் காத்திருந்தாராம். பிறகு என்னைப் பார்த்து, "குளிர்காலத்துக்கு ஒருத்தர் விதை அறையில தங்கணும். நீ இருக்கியா?" என்றார். தலையாட்டினேன். "வாயத் தொறந்து சொல்லு."

பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் இதையேதான் சொல்வார்கள். சொல்லச் சொல்ல எனக்குக் குரலே வராது. கடைசியில் போகாமலே நின்றுவிட்டேன். இங்கே வந்துவிட்டது. "இருக்கேன்" என்றேன்.

எனக்கு இங்கே இருக்க வேண்டும், அக்கா. இதுவரை எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை, இது வேண்டும். அம்மாவிடம் நீ எப்படியாவது சொல்லேன்.

பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
பூனை

⁂

ஆகஸ்ட் 24

பூனைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேறு ஒன்றுமில்லை, சோம்பல்தான். கால் கொஞ்சம் வீங்குகிறது, எல்லோருக்கும் வருவதுதானாம். பேனா எங்கோ விழுந்துவிட்டது, அதனால்தான் பென்சில்.

அம்மாவிடம் சொன்னேன். "அவ ஒரு தடவை இந்தப் படி ஏறி வரட்டும், அப்புறம் மலையாவது மண்ணாவது" என்றாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அதனால் நான் சொல்வதைக் கேள். இப்போது நீ வர வேண்டாம். விதை அறையில் உன் பாய் விரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இங்கே எல்லாம் வசதியாக இருக்கிறது.

சரிவைக் கண்டுபிடித்தவளே, உன்னை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன் நேற்று முழுக்க. இந்த வீட்டில் யாரும் இதுவரை எதையும் கண்டுபிடித்ததில்லை, தொலைத்திருக்கிறோம் அவ்வளவுதான்.

அக்கா

⁂

செப்டம்பர் 2

அக்கா,

உன் கால் வீக்கம் இறங்கியதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடுதான் இறங்கவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?

மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் மேற்குச் சரிவில் புதிதாக மொட்டு விட்டிருந்தது. காய்களைப் பறித்துக்கொண்டே போனவள், சும்மா கை துறுதுறுக்க, விரியாத ஓர் அரும்பை நகத்தால் பிளந்தேன். உள்ளே வெள்ளை முடி. ஈரக் குடையை மடக்கிய மாதிரி ஒட்டிக்கொண்டு, கொத்தாக. இன்னொன்றைப் பிளந்தேன். அதிலும் இருந்தது. சரிவின் அடியிலிருந்து மேல் வரை பிளந்து பார்த்தேன், எல்லாவற்றிலும்.

அன்று நான் பார்த்ததெல்லாம் கிழட்டுப் பூக்கள், அக்கா. ஒரு வார மழை அவற்றின் மீசையை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. வேலி இல்லாத வீட்டுக்குள் எறும்பு போகாமல் என்ன செய்யும்? நான் எறும்பை நம்பினேன். மேடம் நான் கொண்டுபோன பூக்களை நம்பினார். அந்தச் சரிவு முழுக்க மீசைதான்.

அதில் பாதிக் காய் ஏற்கெனவே வெள்ளை நூல் கட்டிய உறைகளில் விதை அறையில் இருக்கிறது. மாதக் கடைசியில் அதைப் பாறைத் திட்டில் தூவப் போகிறார்கள். தூவினால் மிச்சமிருக்கும் மொட்டையும் போய்விடும். உலகத்தில் வேறு எங்கே இருக்கிறதென்று மேடத்துக்கே தெரியவில்லை.

சொன்னால் விதை அறை எனக்குக் கிடைக்காது. அந்தச் சரிவுக்காகத்தானே இருக்கச் சொன்னார்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. காயைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. மேடத்தின் அறை வரைக்கும் போகிறேன், தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி குடித்துவிட்டுத் திரும்புகிறேன். இன்று அப்படியே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டேன்.

என்ன செய்யட்டும்?

பூனை

⁂

செப்டம்பர் 11

பூனைக்கு,

எனக்கு வீக்கம் பரவாயில்லை. நீ முதலில் சாப்பிடு.

சொல்லிவிடு. நான் யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் யோசிக்க நேரம் நிறைய. எங்கள் அறை மின்விசிறியின் ஒரு இறக்கையில் மட்டும் அழுக்கு ஏன் அதிகம் என்பது வரை யோசித்தாயிற்று. ஒரு விஷயத்தை உள்ளேயே வைத்திருந்தால், அது இருக்கிற இடத்தில் இருக்காது. யாருக்காக மறைக்கிறோமோ அவர்கள் முகத்தையே பார்க்க முடியாமல் போய்விடும். எனக்குத் தெரியும்.

வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது உனக்கு எவ்வளவு என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிடு. நின்று சொல்ல வரவில்லை என்றால் எழுதிக் கொடு. உனக்கு எழுத்து நன்றாக வருகிறது.

அக்கா

⁂

செப்டம்பர் 20

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். நலம். இப்போதுதான் வயிற்றுக்குச் சோறு போனது.

எழுதிக்கொடுக்கவில்லை. மொட்டுகளைக் கொண்டுபோய் மேடத்தின் மேசையில் வைத்து, அவர் எதிரிலேயே ஒவ்வொன்றாகப் பிளந்தேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "மேற்குச் சரிவா?" என்றார். "ஆமா. எல்லாம் மீசை. நான் கொண்டாந்தது மழையில உதிர்ந்த பூ." குரல் கீச்சென்று வந்தது, ஆனால் முழுதாக வந்தது.

மேடம் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவ்வளவு ஆசையாக இருந்தார், அக்கா. அந்த முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் திட்டே வாங்கியிருக்கலாம்.

"என்னைக்குத் தெரியும் உனக்கு?"

"இந்த மாசம் பொறந்தப்போ."

"இத்தனை நாளா என்ன பண்ணே?"

"தண்ணி குடிச்சேன்."

ஊசியக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "அதான் பானை தெனமும் காலியாச்சா? நான் ஓட்டைன்னு நெனச்சு மெழுகு அடைச்சேனே" என்றாள். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை விரட்டினார்.

பிறகு சொன்னார்: "பூவைப் பாத்தேன், அரும்பைக் கொண்டான்னு கேக்கல. அது என் தப்பு. விதை அறை நான் சொன்னபடிதான். ஆனா இனிமே சந்தேகம் வந்தா அன்னைக்கே வந்து சொல்லணும். மனசுக்குள்ள ஊறப்போடறவ எனக்கு வேண்டாம்." வெள்ளை நூல்களை நானே அவிழ்த்துச் சிவப்பு கட்டினேன். பாறைத் திட்டில், அங்கேயே விளைந்த நாலு காயின் விதையை மட்டும் தூவப் போகிறோம். போதுமா என்று தெரியவில்லை. இளவேனிலில்தான் தெரியும்.

இனி உன் முறை. உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது ஊசியக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "உங்கக்கா என்ன, படுத்துக்கிட்டு எழுதுறாளா? என் ரெண்டாவது பிள்ளைக்கு என்னையும் இப்படித்தான் கிடத்திப் போட்டாங்க. மல்லாக்கப் படுத்து எழுதினா பேனாவுல மை இறங்காது, பென்சில்தான் எழுதும்" என்றாள். இரண்டு கடிதமும் பென்சில். அந்த மின்விசிறி. நான் நேராகக் கேட்கிறேன், உன்னை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களா?

பூனை

⁂

அக்டோபர் 3

அக்கா,

பதில் இல்லை. நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

மலையில் புல் பழுத்துவிட்டது. காற்று இங்குமங்கும் புரண்டுகொண்டே இருக்கிறது. விதை அறையில் உட்கார்ந்தால் நாற்காலி குத்துகிறது. ஊசியக்கா, "நடந்து நடந்து தரையில பள்ளம் விழுது, அந்தப் பக்கம் போய் நட" என்கிறாள். ஒரு வரி போதும். உண்டு, அல்லது இல்லை.

பூனை

⁂

அக்டோபர் 8

பூனைக்குட்டிக்கு மாமா எழுதுவது,

ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு எழுத்து வராது, கோழி கிளறியது போல் இருக்கும். சுமை இறக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் அக்கா நன்றாக இருப்பதாகத்தான் உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அவளுக்கு உதிரப்போக்கு வந்தது. பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. அத்தைதான் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு செய்கிறார். நான் வாரத்தில் பாதி நாள் ரோட்டில். போன வாரம் வீடு திரும்பியபோது அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அக்கா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். "சொன்னா ஓடி வந்துடுவா. வந்தா அம்மா திரும்ப அனுப்ப மாட்டாங்க. அவ வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்" என்றாள். உன் கடைசி இரண்டு கடிதமும் அவள் தலையணைக்கடியில் இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் கிடக்கிறாள்.

நான் உன்னை வா என்று கூப்பிடவில்லை. உனக்குத் தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். சத்தியத்தை மீறியதற்கு அவள் என்ன செய்வாளோ, படுத்திருக்கிறாள் என்பது ஒன்றுதான் தைரியம்.

மாமா

⁂

அக்டோபர் 14

அம்மாவுக்கு,

உனக்கென்று தனியாக நான் எழுதும் முதல் கடிதம் இது. எப்போதும் அக்கா படித்துச் சொல்வாள், உனக்குப் பிடிக்காத இடங்களை விழுங்கிவிடுவாள். இதை நீயே படி. நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை, கேட்கிறது. நீ நடக்கும்போது ஒரு காலைத் தேய்த்து வைக்கிறாய்.

நம் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மேல்படியில், கதவுக்கு வெளியே. பை மடியில் இருக்கிறது. மணியை அழுத்தக் கை போனது. உன் முகத்தைப் பார்த்தால் நினைத்து வந்ததைச் சொல்லாமலே உள்ளே வந்துவிடுவேன் என்று தோன்றியது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே நீயும் அக்காவும் பேசுவது கேட்கிறது.

"இன்னும் ஒரு வாய்."

"போதும்மா. வயித்துல இடமில்ல."

"உனக்கு யாருடி ஊட்டுறா? உள்ள இருக்கறதுக்கு ஊட்டுறேன். தொற வாய."

"பூனைக்கு நாளைக்காவது எழுதணும்மா."

"எழுது. அவ வந்தா என் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்னு எழுது."

"அத மட்டும் எழுத மாட்டேன்."

"அப்ப வாயத் தொற."

அம்மா, நான் வந்துவிட்டேன். நாளையிலிருந்து அக்காவுக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, துணி அலசுவது எல்லாம் நான். நீ காலை நீட்டி உட்கார வேண்டும். பிரசவத்துக்கும் இருப்பேன், அக்கா பிள்ளையோடு எழுந்து நடக்கும் வரைக்கும் இருப்பேன். யாரும் கூப்பிட்டு வரவில்லை, அக்காவைத் திட்டாதே. மாமாவையும்.

அதற்குப் பிறகு நான் மலைக்குத் திரும்புவேன். மேடத்திடம் நேற்று நின்று கேட்டேன். "பாதையைப் பனி மூடறதுக்குள்ள வந்துடணும். வரலேன்னா ஊசியைத்தான் விதை அறையில உக்கார வைக்கணும், அவ விதையை விட்டுட்டு என்னைத்தான் சலிப்பா" என்றார். "வருவியா?" என்று கேட்டார். "வருவேன்" என்றேன். அதையேதான் உன்னிடமும் சொல்கிறேன். அனுமதி கேட்டு எழுதவில்லை, அம்மா. தெரிவிக்கத்தான் எழுதுகிறேன். நீ கோபப்படுவாய். கோபப்பட்டுக்கொண்டே கதவைத் திற, நான் நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ள மாட்டேன்.

நான் படி ஏறிவிட்டால் மலை போய்விடும் என்று அக்கா பயந்தாள். ஏறிவிட்டேன்.

நீ தட்டை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறாய். இதை மடித்துக் கதவின் அடியில் தள்ளுகிறேன். பிறகு மணியை அழுத்துகிறேன்.

உன் சின்ன மகள்